மிக்-21 விடைபெற்றது: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய விமானப்படை 2025 செப்டெம்பர் 26 அன்று தன் மிக்-21 போர் விமானங்களைச் சேவையிலிருந்து விலக்கியது. அந்தச் செய்தி வந்த நாள் தொடக்கம் என் உயர்தரப் பௌதிகவியல் வகுப்புப் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தந்திருக்கிறேன். பிள்ளைகள் இயந்திரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். பெரியவர்கள் கேட்பது வேறு. இரண்டையும் பிரித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று சண்டிகாரில் என்ன நடந்தது?

1963இல் இந்தியாவின் முதல் மிக்-21 அணியான 28ஆம் அணி (ஸ்குவாட்ரன்) சண்டிகாரில்தான் உருவானது. அதனால் விடைகொடுக்கும் நிகழ்வையும் அங்கேயே வைத்தார்கள். விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் தானே ஒரு விமானத்தை ஓட்டினார். பிரியா சர்மா என்ற பெண் விமானியும் அன்று பறந்தார். தரையிறங்கிய விமானங்களுக்கு இரு பக்கமும் நீர் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். பிறகு விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்கின் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னர் தொழில்நுட்பவியலாளர் பார்த்து, விமானி கையொப்பமிடும் பதிவேடு அது. இனி அதில் யாரும் கையொப்பமிடப் போவதில்லை என்பதுதான் அந்தச் சடங்கின் அர்த்தம்.

62 வருடச் சேவை அது. கடைசி வரை மிக்-21ஐ வைத்திருந்தது ராஜஸ்தானின் நால் தளத்தில் இருந்த 23ஆம் அணி.

இது இந்தியாவின் விஷயம். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மிக்-21 சோவியத் நாட்டில் பிறந்த விமானம். 1961இல் அதைச் செய்யும் உரிமத்தைச் சோவியத் அரசு சீனாவுக்குக் கொடுத்தது. பிறகு இரு நாடுகளுக்கும் உறவு கெட்டது. கையில் இருந்த வரைபடங்களையும் பாகங்களையும் வைத்துச் சீனப் பொறியியலாளர்கள் தாங்களே மீதியைச் செய்து முடித்தார்கள். 1966இல் அது பறந்தது. வெளிநாடுகளுக்கு விற்றபோது அதற்கு எஃப்-7 என்று பெயர் வைத்தார்கள்.

அந்த எஃப்-7 விமானங்களைத்தான் இலங்கை விமானப்படை 1991இல் வாங்கிக் கட்டுநாயக்காவில் நிறுத்தியது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் அங்கிருந்து அவை வடக்குக்கு வந்து குண்டு போட்டன. எனவே மிக்-21இன் உடன்பிறப்பு ஒன்று எங்கள் தலைக்கு மேல் பறந்திருக்கிறது. சண்டிகாரில் கைதட்டிய மக்கள் அந்த விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். நாங்கள் கீழே இருந்து பார்த்தவர்கள். விமானத்தின் வரலாற்றை எழுதும்போது இந்த இரண்டாவது பார்வையும் எழுதப்பட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

அப்பம்மா எல்லாவற்றையும் 'பொம்மர்' என்றுதான் சொல்கிறார். எது எது வந்தது?

அப்பம்மா சொல்வது பிழையில்லை. குண்டு போட வந்தது எல்லாமே பொம்மர்தான். ஆனால் வந்தவை ஒரே வகை அல்ல.

1980களின் நடுவில் வந்தது இத்தாலியின் சியாய் மார்கெட்டி. ஊர் வாயில் அது சியாமாசெட்டி ஆனது. உண்மையில் அது விமானிகளைப் பழக்கும் சிறிய பயிற்சி விமானம், முன்னால் ஒரு காற்றாடி மட்டுமே. இறக்கையில் ஆயுதம் மாட்டி அனுப்பினார்கள். அவ்ரோ என்பது ஆளும் சாமானும் ஏற்றும் பிரித்தானிய விமானம். 1990களின் தொடக்கத்தில் ஆர்ஜென்ரீனாவிலிருந்து புக்காரா வந்தது, அதற்கு இரண்டு காற்றாடிகள். ஜெற் வகையில் எஃப்-7க்குப் பிறகு 1996இல் இஸ்ரேலின் கிபிர் வந்தது. 2000இல் உக்ரைனிலிருந்து மிக்-27 வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இலங்கைச் செய்திகளில் 'மிக் விமானம்' என்று படித்தால் அது பெரும்பாலும் மிக்-27. மிக்-21 வேறு, மிக்-27 வேறு. 27இன் இறக்கை பறக்கும்போதே பின்னுக்கு மடங்கும். அது தரையைத் தாக்கவென்றே செய்யப்பட்டது. கிபிருக்கு மிக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லை. பிரான்சின் மிராஜ் உடலுக்குள் அமெரிக்க இயந்திரத்தை வைத்து இஸ்ரேல் செய்தது அது. கிபிர் வந்த 1996இல் யாழ்ப்பாணக் குடாநாடு இராணுவத்தின் கைக்குப் போய்விட்டது. அதனால் கிபிரின் கொடுமையை மிகவும் பட்டது குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னி. இடம்பெயர்ந்து அங்கே போன யாழ்ப்பாணத்தாரும் அதைப் பட்டார்கள்.

ஜெற் வந்தால் ஓடவே நேரம் இருக்காது என்று அம்மா சொல்கிறார். அது பயத்தில் தோன்றியதா, உண்மையா?

உண்மை. கணக்கே போட்டுப் பார்க்கலாம்.

காற்றில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். 5 கிலோமீற்றர் தொலைவில் விமானம் வரும்போது எழுந்த சத்தம் எங்கள் காதுக்கு வந்து சேர 15 செக்கன் ஆகும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஜெற் செக்கனுக்கு 250 மீற்றர் வருகிறது. அதே 5 கிலோமீற்றரை அது 20 செக்கனில் தாண்டிவிடும். ஆக, சத்தம் கேட்டதற்கும் விமானம் தலைக்கு மேல் நிற்பதற்கும் இடையில் கிடைப்பது 5 செக்கன். மணிக்கு 300 கிலோமீற்றரில் வரும் காற்றாடி விமானத்துக்கு அதே தூரம் 60 செக்கன் எடுக்கும். அப்போது 45 செக்கன் மிஞ்சும்.

45 செக்கனில் ஒரு தாய் அடுப்படியிலிருந்து வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வளவுக்குள் இருக்கும் பங்கருக்குள் இறங்கிவிடலாம். 5 செக்கனில் முற்றத்தைத் தாண்ட முடியாது. தோட்டத்தில் இறைப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த 5 செக்கனும் இல்லை.

பங்கரைப் பார்க்காத பிள்ளைகளுக்காக: ஆளுயரத்துக்குக் கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றிகளை நெருக்கமாக அடுக்கி, அதன் மேல் மண் மூட்டை போட்டு மூடுவார்கள். வாசல் நேராக இருக்காது. இரண்டு படி இறங்கியதும் பாதை ஒரு பக்கம் திரும்பும், குண்டுச் சிதறல் நேரே உள்ளே வராமல் இருக்க. மாரியில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். பூரானும் பாம்பும் வரும். அதற்குள் உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே எது வருகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லக்கூடிய சிறுவர்கள் ஊர் தோறும் இருந்தார்கள். எழுதப்படாத ஒலியியல் பாடம் அது. எந்தப் பிள்ளையும் அப்படிக் கற்றிருக்கக் கூடாத பாடம்.

பங்கருக்குள் ஓட நேரம் கிடைத்தவர்கள் எல்லாரும் தப்பவுமில்லை. கோயில், தேவாலயம், பாடசாலை என்று பாதுகாப்பு என நம்பிய இடங்களுக்குப் போனவர்களும் தப்பவில்லை. 1995 ஜூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

1987இல் சாப்பாட்டுப் பொதி போட வந்தபோது கூட வந்தது மிக்-21 தானே?

இல்லை. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்துக்கு மேல் நிவாரணப் பொதிகளைப் போட்டவை இந்தியாவின் ஐந்து ஏ.என்.-32 சரக்கு விமானங்கள். பெங்களூரிலிருந்து புறப்பட்டவை. பாதுகாப்புக்குக் கூட வந்தவை மிராஜ்-2000 போர் விமானங்கள். அதற்கு முதல் நாள் ராமேஸ்வரத்திலிருந்து படகுகளில் வந்த பொருள்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. அந்த நடவடிக்கைக்கு இந்தியா வைத்த பெயர் பூமாலை. வானத்தில் விமானத்தைக் கண்டு ஒளிக்காமல் வெளியே வந்து பார்த்த நாள் அது என்று அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்கிறார்கள்.

மிக்-21இன் மூக்கில் கூம்பு மாதிரி ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மிக்-21 ஒரு நீண்ட குழாய். முன்வாய் முழுக்கத் திறந்திருக்கும், காற்று அந்த வழியாக உள்ளே போய் இயந்திரத்தை அடையும். ஒலியை விட இரு மடங்கு வேகத்தில் போகக்கூடிய விமானம் அது. அந்த வேகத்தில் வரும் காற்றை அப்படியே இயந்திரத்துக்குள் விட்டால் அங்கே காற்றை அழுத்தும் அமுக்கியின் தகடுகளால் அதைக் கையாள முடியாது. உள்ளே போகும் முன்னர் காற்றின் வேகம் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்க வேண்டும். வாயின் நடுவில் நிற்கும் கூம்பின் நுனியில் ஓர் அதிர்ச்சி அலை சரிவாக உருவாகிறது. அந்த அலையைத் தாண்டும் காற்று வேகம் குறைந்து அழுத்தம் கூடுகிறது. வாயின் விளிம்பில் இன்னொரு முறை அதே மாதிரி. வேகம் மாற மாற அலை உருவாகும் கோணம் மாறும் என்பதால் கூம்பும் முன்னும் பின்னும் அசையும். 1950களில் இதை யோசித்துச் செய்தவர்களின் மூளையை நான் மதிக்கிறேன்.

ராடாரும் அந்தக் கூம்புக்குள்தான் இருக்கிறது. கூம்பு சின்னது, எனவே ராடாரும் சின்னது. சின்ன ராடார் தூரம் பார்க்காது. மிக்-21இன் கடைசிக் காலம் வரை இந்தக் குறை தீரவில்லை. காற்று வாயைப் பக்கவாட்டில் வைத்து, மூக்கு முழுவதையும் ராடாருக்குக் கொடுக்கும் இன்றைய வடிவமைப்பு ஏன் வந்தது என்பதற்கு இதுவே பதில்.

இறக்கை முக்கோணம், மிக மெல்லியது. அதிவேகத்தில் காற்றுத் தடை குறைவு. ஆனால் மெதுவாகப் பறக்கும்போது போதிய தூக்குவிசை தராது. அதனால் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வேகத்தில் தரையைத் தொட வேண்டும். தொட்டவுடன் பின்னால் பரசூட் விரிந்து இழுக்கும். இறங்கும் நேரத்தில் விமானி செய்யும் சின்னத் தவறுக்கும் மன்னிப்பு இல்லை.

இவ்வளவு பழைய விமானத்தை ஏன் 62 வருடம் வைத்திருந்தார்கள்?

முதலில் வந்ததும் கடைசியில் போனதும் ஒரே விமானம் அல்ல. இடையில் பல வகைகள் வந்தன. நாசிக்கில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் அறுநூறுக்கும் மேல் செய்தது. எல்லாமாக 870க்கும் அதிகமான மிக்-21கள் இந்தியச் சேவையில் இருந்தன. கடைசியாக நின்றது பைசன் என்ற வகை. பழைய உடலுக்குள் புதிய ராடாரும் புதிய ஏவுகணைகளும் வைத்தது.

ஆனால் உண்மையான காரணம், மாற்று நேரத்துக்கு வரவில்லை. மிக்-21க்குப் பதிலாக உள்நாட்டிலேயே இலகு போர் விமானம் செய்வது என்று 1983இல் தொடங்கினார்கள். அந்தத் தேஜஸ் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரியில். முதல் அணி அமைந்தது 2016இல். இடையில் 126 விமானங்களை வெளியிலிருந்து வாங்க 2007இல் கேள்விப்பத்திரம் கோரினார்கள். அதுவும் நிறைவேறாமல், கடைசியில் 36 ரஃபேல் மட்டும் வந்தன. மாற்று வராத ஒவ்வொரு வருடமும் மிக்-21இன் ஆயுளை நீட்டினார்கள்.

'பறக்கும் சவப்பெட்டி' என்று சொல்கிறார்களே, அது நியாயமா?

விபத்துகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளங்கும். 2012இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி பாராளுமன்றத்தில் கொடுத்த கணக்கு: 1971-72 தொடக்கம் அந்த வருட ஏப்ரல் வரை மிக் வகை விமானங்களின் விபத்துகள் 482. இறந்த விமானிகள் 171. தரையில் இறந்த பொதுமக்கள் 39. மிக்-21 மட்டுமல்ல, எல்லா மிக் வகைகளும் இதில் சேரும். இருந்தாலும் பெரும் பங்கு மிக்-21க்குத்தான்.

அந்தப் பெயர் விமானத்தின் மேல் மட்டும் பழியைப் போடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒற்றை இயந்திரம், வேகமான தரையிறக்கம், பறவை மோதல் எல்லாம் உண்மை. ஆனால் அதை விடப் பெரிய காரணம் பயிற்சி. மெதுவான கிரண் பயிற்சி விமானத்தில் பழகிய 22, 23 வயதுப் பிள்ளையை நேரே மிக்-21இல் ஏற்றினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு படி வேண்டும், உயர்நிலைப் பயிற்சி ஜெற் வாங்குங்கள் என்று விபத்துகளை ஆராய்ந்த லா ஃபொன்டேன் குழு 1982இலேயே பரிந்துரைத்தது. ஹோக் என்ற அந்தப் பயிற்சி விமானம் படையில் சேர்ந்தது 2008இல். இருபத்தாறு வருடம்! அந்தக் காலத்தில் இறந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்காகக் காத்திருந்த வீடுகள் எத்தனை. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகத் தாமதித்ததன் விலையை அவர்கள் கொடுத்தார்கள்.

2023 மே மாதம் ராஜஸ்தானின் ஹனுமன்கர் மாவட்டத்தில் ஒரு மிக்-21 வீட்டின் மேல் விழுந்தது. விமானி வெளியே குதித்துத் தப்பினார். தரையில் இருந்த மூன்று பெண்கள் இறந்தார்கள். அதை வாசித்தபோது எனக்கு நாடு நினைவில் வரவில்லை. கூரையும் முற்றமும்தான் வந்தன.

போரில் அது என்ன செய்தது?

அதிகம் பேசப்படுவது 1971 டிசெம்பர் 14. டாக்காவில் கிழக்குப் பாகிஸ்தான் ஆளுநரின் மாளிகையில் கூட்டம் நடக்கப் போகிறது என்று தகவல் கிடைத்ததும் மிக்-21கள் போய் ரொக்கெற்றுகளால் கூரையை அடித்தன. ஆளுநர் மாலிக் மாளிகையின் பதுங்குகுழிக்குள் இருந்தபடி பதவி விலகல் கடிதம் எழுதினார். இரண்டு நாளில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 1999 ஓகஸ்டில் கட்ச் எல்லையில் பாகிஸ்தானின் கடற்கண்காணிப்பு விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதும் மிக்-21.

விமானி அபிநந்தன் தமிழர் தானே?

ஆம், தமிழ்நாட்டுக் குடும்பம். 2019 பெப்ரவரி 27 அன்று அவர் ஓட்டியது மிக்-21 பைசன். பாகிஸ்தானின் எஃப்-16 ஒன்றை அவர் வீழ்த்தினார் என்று இந்தியா சொல்கிறது, பாகிஸ்தான் மறுக்கிறது. அவருடைய விமானம் வீழ்ந்து, அவர் பிடிபட்டு, மார்ச் 1 அன்று விடுதலையானார். அவருடைய தந்தையும் விமானப்படை விமானிதான்.

இனி அதன் இடத்துக்கு எது வரும்?

தேஜஸ் மார்க்-1ஏ. 2021இல் 83 விமானங்களுக்கும், சண்டிகார் நிகழ்வுக்கு முதல் நாள், 2025 செப்டெம்பர் 25 அன்று, இன்னும் 97 விமானங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. அதன் இயந்திரம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். மிக்-21 போன பிறகு இந்தியாவின் போர் விமான அணிகள் 29 ஆகக் குறைந்தன. இருக்க வேண்டியது 42.

வேறு நாடுகளில் இன்னும் பறக்கிறதா?

ரொமேனியா 2023இல் நிறுத்தியது, குரோசியா 2024இல் நிறுத்தியது. வட கொரியா போன்ற சில நாடுகளில் இருக்கிறது. சீனப் பிறப்பான எஃப்-7 இன்னும் பல இடங்களில் உண்டு. 2025 ஜூலை 21 அன்று பங்களாதேஷ் விமானப்படையின் எஃப்-7 பயிற்சிப் பறப்பில் டாக்காவின் மைல்ஸ்டோன் பாடசாலை மேல் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலானோர் பிள்ளைகள். சண்டிகார் விழாவுக்கு இரண்டு மாதம் முன்னர்தான் அது நடந்தது. இந்த வம்சம் முழுவதும் எப்போது தரையில் நிற்கும் என்பதே என் கவலை.

பலாலியில் இப்போது போர் விமானம் இறங்குகிறதா?

பலாலி ஓடுபாதையை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் போட்டார்கள். நீண்ட காலம் படைத்தளமாகவே தெரிந்த அந்த இடம் 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இப்போது வலிகாமத்துப் பிள்ளைகள் அடிக்கடி காண்பது சென்னையிலிருந்து வந்து போகும் ஏ.டி.ஆர். பயணிகள் விமானம். காற்றாடி விமானம்தான். ஆனால் ஏறுவதற்கு வரிசையில் நிற்கிறோம்.

என் மகன் போர் விமானப் படங்களைச் சேர்த்து அறை முழுக்க ஒட்டியிருக்கிறான். எனக்கு அதைப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. கழற்றச் சொல்லவா?

ஒரு தாய் கேட்டது. கழற்றச் சொல்ல வேண்டாம் அக்கா. அவன் பார்ப்பது வடிவத்தையும் வேகத்தையும். அது அவனுடைய வயதுக்கு இயல்பு. ஆனால் நீங்கள் பதறுவது ஏன் என்று அவனுக்குச் சொல்லுங்கள். எந்த மரத்தடியில் பங்கர் இருந்தது, எத்தனை பேர் உள்ளே இருந்தீர்கள், யார் வரவில்லை என்று சொல்லுங்கள். சொல்லாமல் படத்தைக் கழற்றினால் அவனுக்குக் கோபம் மட்டும்தான் மிஞ்சும். சொன்ன பிறகு அந்தப் படம் அங்கேயே இருக்கலாம். அவன் அதைப் பார்க்கிற விதம் மாறும். என் வகுப்பில் அந்த 5 செக்கன் கணக்கைச் செய்த அன்று ஒரு பையன் எழுந்து, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்கப் போவதாகச் சொன்னான். அப்படிக் கேட்க வைப்பதற்காகவே அந்தக் கணக்கை ஒவ்வொரு வருடமும் செய்கிறேன்.

மகளுக்கு விமானப் பொறியியல் படிக்க ஆசை. யாழ்ப்பாணத்திலிருந்து வழி உண்டா?

உண்டு. உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவு எடுக்க வேண்டும். விமானத்துக்கென்று தனிப் பட்டம்தான் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே தேடி மனம் தளர வேண்டாம். இயந்திரப் பொறியியல், மின்னணுவியல், பொருட்களின் இயல்புகள் பற்றிய படிப்பு, கணினி எல்லாமே விமானத்துக்குள் இருக்கின்றன. மொறட்டுவையில் படிக்கலாம், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்திலும் அடிப்படையைப் போடலாம். பிறகு மேற்படிப்பில் விமானத் துறைக்குத் திரும்பலாம். பயணிகள் விமானங்களின் பராமரிப்புத் துறையில் ஆள் தேவை எப்போதும் இருக்கிறது, பெண்களும் அங்கே வேலை செய்கிறார்கள். இப்போதைக்கு வகையீட்டையும் தொகையீட்டையும் பயந்து தள்ளி வைக்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாய்பொருள் இயக்கத்தைத் தொடும்போது அந்த இரண்டும் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.